அமெரிக்காவில் சிறுவர் முகாமில் ஒரு கோடை: வன்னியிலிருந்து போகலாமா?

கேள்வி, 13 ஜனவரி 2024
(புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி)

எனக்கு 22 வயது, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அமெரிக்காவில் சிறுவர் முகாமில் வேலை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், கையில் டொலர் என்று கிளிநொச்சியில் ஒருவர் சொல்கிறார். 18 லட்சம் கேட்கிறார். அம்மா பயப்படுகிறா. மாமா காணியை ஈடு வைத்தாவது போ என்கிறார். இது உண்மையான வேலையா? யாராவது போயிருக்கிறீர்களா?

14 ஜனவரி 2024

வேலை உண்மையானதுதான் தங்கச்சி. ஆனால் அந்த 18 லட்சத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காணி உறுதி வீட்டு அலுமாரியிலேயே கிடக்கட்டும், அதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நான் 2019 இல் போனேன், மெய்ன் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரை முகாம். அப்போது அறிவியல்நகரில் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது கிளிநொச்சிப் பக்கம் படிப்பிக்கிறேன்.

இதற்குரிய விசா ஜே-1. அதில் முகாம் வழிகாட்டிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். மாணவராகவோ ஆசிரியராகவோ, சிறுவர்களோடு வேலை செய்து பழகியவராகவோ, ஏதாவது ஒரு திறமை கைவந்தவராகவோ இருக்க வேண்டும். ஆங்கிலம் வேண்டும். ஆகக்கூடியது நான்கு மாதம். விசாவுக்கான டிஎஸ்-2019 பத்திரத்தை முகாமும் தர முடியாது, தரகரும் தர முடியாது, அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் அங்கீகரித்த அனுசரணை அமைப்பு ஒன்றுதான் தரலாம். அந்த அமைப்புகளின் பட்டியல் திணைக்களத்தின் ஜே-1 இணையத்தளத்தில் இருக்கிறது. அந்த ஆள் சொல்லும் பெயர் அதில் இல்லையென்றால் கதை அதோடு முடிந்தது. இங்கே ஆள் அனுப்புகிறவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம்.

நாளைக்குப் பொங்கல், முற்றம் மெழுகக் கிடக்கிறது. மிச்சம் பிறகு.

16 ஜனவரி

காசுக் கதை. அமைப்புக்கு ஒரு கட்டணம், இந்த விசாவில் வருகிறவர்களை அமெரிக்கா பதிந்து வைக்கும் செவிஸ் முறைக்கு 35 டொலர், விசாவுக்கு 160 டொலர், விமான டிக்கெட், இவ்வளவும்தான் நான் கட்டியது. விசாக் கட்டணம் 2023 இல் 185 ஆகிவிட்டது, 35 அப்படியே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து முதல்முறை போகிறவருக்கு முழுக் கோடைக்கும் கிடைப்பது 2000 டொலரை ஒட்டிய தொகை, அதாவது ஆறு லட்சத்துக்குச் சற்று மேல். டிக்கெட்டும் கட்டணங்களும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான், தங்கச்சிமாருக்கு உடுப்பு வாங்கலாம். கடன் அடைக்க முடியாது.

அதே வேலை செய்யும் அமெரிக்கருக்குக் கொடுப்பதைத்தான் உங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதி. இந்த விசாவில் வந்தவரைச் சமையலுக்கோ கோப்பை கழுவவோ கழிவறை துப்புரவுக்கோ போடக்கூடாது என்பதும் விதி. 'கிச்சின் வேலை, சம்பளம் கூட' என்று யாராவது இதே விசாவைக் காட்டிச் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

ஆறு லட்சம் உழைப்பதற்காக யாரும் 18 லட்சம் கொடுப்பதில்லை. கொடுக்கிறவர் வேறு நினைப்பில் கொடுக்கிறார், வாங்குகிறவர் அது தெரிந்தே வாங்குகிறார். இதைத் தனியாக எழுத வேண்டும்.

21 ஜனவரி

சம்பளத்தை விட்டுவிட்டு வேலையைச் சொல்கிறேன், போக நினைக்கிற பலரும் இதைக் கேட்பதே இல்லை.

கபின் என்பது மரத்தால் கட்டிய ஒரு பெரிய அறை. அடுக்குக் கட்டில்கள், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அதே அறையில் இரண்டு வழிகாட்டிகள். விடிய மணி அடித்ததிலிருந்து விளக்கணைக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளைகள் உங்கள் பொறுப்பு, விளக்கணைத்த பிறகும்தான். பல் தீட்டினார்களா, ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டிருக்கிறார்களா, யார் யாரோடு கோபம், யார் இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை, யாருடைய காலில் உண்ணி கடித்திருக்கிறது, எல்லாம் பார்க்க வேண்டும். உண்ணியை லேசாக எடுக்கக்கூடாது, அந்தப் பக்கத்து மான் உண்ணி லைம் என்ற நோயைக் கொண்டுவரும். ஒவ்வொரு நாளும் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், மயிருக்குள் என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்போம். மாட்டுக்கு உண்ணி பிடுங்கி வளர்ந்த எனக்கு அந்த வேலை மட்டும் படிப்பிக்கத் தேவைப்படவில்லை.

பிள்ளைகள் வருவதற்கு முன் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி. அதில் திரும்பத் திரும்பச் சொன்னது, எந்தப் பிள்ளையோடும் மற்றவர் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருக்கக்கூடாது. அழுகிற பிள்ளையோடு கதைப்பதென்றால் வாசல் படியில் இருந்து கதைக்க வேண்டும், நாலு பேர் பார்க்கும் இடத்தில். கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் தூக்கி வைப்பது கிடையாது. பிள்ளைகளின் படத்தை உங்கள் பேஸ்புக்கில் போடவே கூடாது. முதலில் இதெல்லாம் எனக்கு அந்நியமாகத்தான் பட்டது. இப்போது ஒரு ஆசிரியையாகச் சொல்கிறேன், இந்த ஒழுங்கு எங்கள் பள்ளிக்கூடங்களுக்கும் ரியூசன் கொட்டில்களுக்கும் நாளைக்கே வர வேண்டும்.

28 ஜனவரி

ரொறன்ரோவிலிருந்து ஒரு ஐயா எழுதியிருக்கிறார், 'காலை வைத்தால் போதும் பிள்ளை, அங்கிருந்து எல்லை தாண்டி இங்கே வந்துவிடலாம்' என்று. ஐயா, அது பழைய கதை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலான பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தத்தை, அதாவது முதலில் கால் வைத்த நாட்டிலேயே தஞ்சம் கேட்க வேண்டும் என்பதை, 25 மார்ச் 2023 முதல் தரை எல்லை முழுவதற்கும் நீட்டிவிட்டார்கள். கியூபெக் எல்லையில் ரொக்ஸம் வீதியால் நடந்து போனதெல்லாம் அன்றோடு முடிந்தது. சில விலக்குகள் தவிர, வருகிறவரைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

சட்டத்தை ஒரு பக்கம் வைப்போம். உயிருக்குப் பயந்து ஓடுகிறவரைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலேயே அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்று சொல்லி வாங்கிய விசாவில் போய், நடுக்கோடையில் கபினை விட்டு மறைந்தால் அன்றிரவு அந்தப் பிள்ளைகளோடு யார் படுப்பது? அடுத்த வருடம் முல்லைத்தீவு முகவரியோடு போய் நிற்கிற பிள்ளையை அந்த அதிகாரி எப்படிப் பார்ப்பார்? எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

11 பெப்ரவரி

ஆவணங்கள். 2009 இல் எங்கள் பக்கம் ஆவணம் தொலையாத வீடு குறைவு, ஆகையால் இதை இன்றைக்கே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, அதில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பொலிஸ் நற்சான்றிதழும் கேட்பார்கள். கடவுச்சீட்டுக்கு வவுனியா அலுவலகத்தில் விடியப்புறமே வரிசை, முதல்நாளே போய் அங்கே ஒரு வீட்டில் தங்குவது நல்லது.

பலரும் மறப்பது தடுப்பூசி விபரம். முகாம் அனுப்பும் மருத்துவப் படிவத்தில் எம்எம்ஆர் என்று ஒரு வரி இருக்கும், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி அது. இலங்கையின் தேசியத் திட்டத்தில் எம்எம்ஆர் வந்தது 2011 இல்தான், உங்கள் வயதுக்காரருக்குச் சின்ன வயதில் சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்கும்தான் போட்டிருப்பார்கள், கூகைக்கட்டுக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அந்த அட்டையும் இடம்பெயர்வில் போயிருக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் போய்க் கேளுங்கள், பதிவு இல்லாவிட்டால் திரும்பப் போட்டுக்கொண்டு கடிதம் வாங்கலாம்.

இன்னொன்று, எல்லா அமைப்புகளும் எல்லா நாட்டிலிருந்தும் ஆள் எடுப்பதில்லை. கட்டணம் கட்ட முன்பே இலங்கையிலிருந்து எடுக்கிறீர்களா என்று மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

25 பெப்ரவரி

'எனக்கு ஒரு திறமையும் இல்லை அக்கா, அம்பு விடத் தெரியாது, படகு விடத் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடினீர்களா? எழுதுங்கள். அறநெறியில் சின்னவர்களுக்குப் படிப்பித்தீர்களா? எழுதுங்கள். கோலம் போடுவீர்களா, பனையோலையில் பெட்டி இழைப்பீர்களா? இவை எல்லாம் அங்கே கைவேலை வகுப்பில் ஒரு மணிநேரப் பாடம்.

நான் கிளித்தட்டு என்று எழுதினேன். மைதானத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்பு வண்டியை வாங்கித் தட்டுகளைக் கீறி, மறிக்கிறவர்கள் தங்கள் கோட்டை விட்டு இறங்கக்கூடாது, கிளி மட்டும் நடுக்கோட்டாலும் ஓடலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் ஆட்டத்தில் சண்டை, இரண்டாவதில் ஒருவன் கோட்டில் நிற்பதுபோல் நின்று மற்றவனை ஏமாற்றிக் கடந்தான், அதற்குப் பிறகு மழை பெய்தாலும் கிளித்தட்டுத்தான். பெரிய பையன்கள் இரவுச் சாப்பாட்டு மேசையில் 'கிளி, கிளி' என்று கத்தினார்கள். அது எங்கள் ஊர் விளையாட்டு என்று சொல்லும்போது எனக்கு இருந்த பெருமையை எழுத்தில் சொல்ல முடியாது.

3 மார்ச்

சாப்பாடு கேட்டிருந்தீர்கள். பாண், உருளைக்கிழங்கு, பாஸ்தா, பீட்சா. சோறு எப்போதாவது. தனி மிளகாய்த்தூள் ஒரு போத்தல் கொண்டுபோங்கள், சீவன் கிடக்கும். ஆனால் முறிகண்டியில் கச்சான் (நிலக்கடலை) வாங்கிக்கொண்டு போகாதீர்கள், கச்சான் அல்வாவும் வேண்டாம். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு நிமிடக் கணக்கில் தொண்டை அடைத்து உயிர் போகலாம், அதனால் பல முகாம்களில் வாசலுக்குள்ளேயே விட மாட்டார்கள். அந்த நேரத்தில் தொடையில் குத்தும் அட்ரினலின் ஊசியை எங்கள் எல்லோருக்கும் பழக்கினார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள். நெருப்பைச் சுற்றி இருந்து மார்ஷ்மெலோவை வாட்டி, பிஸ்கற்றுக்கும் சொக்லேட்டுக்கும் நடுவே வைத்துத் தருவார்கள். அதில் ஜெலற்றின் இருக்கிறது, பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. நான் சொக்லேட்டையும் பிஸ்கற்றையும் மட்டும் வாங்கிக்கொள்வேன், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

10 மார்ச்

வீட்டு ஏக்கம் பிடித்த பிள்ளையை என்ன செய்வது என்று நேர்முகத்தில் கேட்பார்கள், முகாமும் கேட்கும். மனப்பாடம் செய்து போகாதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

என் கபினில் ஒன்பது வயதுப் பெட்டை ஒன்று. பகல் முழுக்கத் துள்ளித் திரியும், விளக்கணைத்ததும் தலையணைக்குள் முகத்தை வைத்து அழும். பிள்ளைகளிடம் போன் கிடையாது, வீட்டுக்குக் கடிதம்தான். 'அழாதே' என்று சொல்லக்கூடாது, 'நாளைக்கு அம்மாவோடு கதைக்கலாம்' என்று நடக்காத வாக்கும் கொடுக்கக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஓர் இரவு அவள் என்னிடம், 'உன் அம்மாவும் இப்போது படுத்திருப்பாவா' என்று கேட்டாள். இல்லை, எங்கள் ஊர் ஒன்பதரை மணிநேரம் முன்னால் ஓடுகிறது, இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே காலை ஆறரை என்றேன். 'அப்படியென்றால் இப்போது என்ன செய்கிறா?' பால் கறந்துவிட்டு கன்றை அவிழ்த்து விடுகிறா என்றேன். கன்றின் நிறம் என்ன, பெயர் என்ன, உதைக்குமா. அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் பக்கத்துக் கட்டில்காரிகளும் சேர்ந்து கேட்கத் தொடங்கினார்கள். அம்மா கிணற்றடியில் நிற்கிறா, அம்மா பிட்டு அவிக்கிறா, அம்மா கோழியைத் துரத்துகிறா. அப்படியே நித்திரையாகிவிடுவார்கள்.

எனக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. அந்த வருடம் ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஏ9 வீதியில் மறுபடியும் இறக்கி ஏற்றிச் சோதித்த நாட்களில்தான் நான் வெளிக்கிட்டேன்.

24 மார்ச்

ஏரி. இதை நிறைய எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல்நாளே ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் சோதனை. அதன்படி நிறம் பிரித்த ஒரு சின்ன வட்டத் தகடு, அதில் பிள்ளையின் பெயர். கரையில் ஆணிகள் அடித்த ஒரு பலகை. தண்ணீருக்குள் இறங்கும்போது பிள்ளை தன் தகட்டை 'உள்ளே' பக்கத்தில் கொழுவ வேண்டும், ஏறும்போது 'வெளியே' பக்கத்துக்கு மாற்ற வேண்டும். தனியாக யாரும் இறங்க முடியாது, சோடி வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் விசில். விசில் கேட்டால் இருக்கிற இடத்தில் நின்று சோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும், எண்ணுவார்கள். தண்ணீரில் உள்ள தலையும் பலகையில் உள்ள தகடும் ஒன்றாக வரும்வரை யாரும் அசையக்கூடாது. ஒருநாள் ஒரு தகடு கூடுதலாக இருந்தது. ஏரி முழுவதையும் வெளியேற்றினார்கள், நாங்கள் கைகோத்து வரிசையாக இடுப்பளவு தண்ணீரில் காலால் துழாவிக்கொண்டு நடந்தோம். பையன் தகட்டை மாற்றாமல் கழிவறைக்குப் போயிருந்தான். யாரும் அவனுக்கு அடிக்கவில்லை. ஆனால் அன்று மாலை எல்லோரும் அந்தப் பலகைக்கு முன் இருந்து அதைப் பற்றிக் கதைத்தார்கள், அவனும்.

ஒரு பலகை, கொஞ்சம் ஆணி, தகடு, ஒரு விசில். இங்கே குளமில்லாத ஊர் இல்லை, வாய்க்கால் இல்லாத வயல் இல்லை. குளத்தில் பிள்ளை போய்விட்டது என்ற செய்தி வராத வருடமும் இல்லை. அந்தத் தண்ணீரில் கைகோத்து நடந்தபோது என் மனம் இரணைமடுவில் இருந்தது.

7 ஏப்ரல்

நல்ல செய்தி! பென்சில்வேனியாவில் ஒரு முகாம் தங்கச்சியை எடுத்திருக்கிறது, பட்டியலில் உள்ள அமைப்பு மூலம்தான், டிஎஸ்-2019 வந்துவிட்டது. மாமாவும் காணிக் கதையை விட்டுவிட்டாராம்.

நேர்முகத்துக்குச் சொல்கிறேன். கொழும்பு காலி வீதியில் உள்ள அமெரிக்கத் தூதரகம், கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டே கதைக்க வேண்டும், கெதியாக முடிந்துவிடும். இரவுப் பஸ்ஸில் போய் அப்படியே போய் நிற்காதீர்கள், முதல்நாள் வெள்ளவத்தையில் யார் வீட்டிலாவது படுத்து எழும்பிப் போங்கள். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்றுதான் அவர்கள் நினைத்துத் தொடங்க வேண்டும், வருவேன் என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாம் கோப்பில் வைத்திருந்தேன், ஒன்றையும் கேட்கவில்லை. அப்பா என்ன செய்கிறார், படிப்பு எப்போது முடிகிறது, படிப்பு முடிய என்ன செய்வாய், இவைதான். உண்மையை நேராகச் சொல்லுங்கள்.

6 மே

விசா மறுத்துவிட்டார்கள். வெள்ளைத் தாள் ஒன்று, 214(பி).

தங்கச்சி, இதை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். கட்டிய காசு திரும்ப வராது, அது வலிக்கும். முகாமுக்கும் அமைப்புக்கும் இன்றைக்கே எழுதுங்கள், அந்தக் கபினுக்கு வேறு ஆள் தேட அவர்களுக்கு நேரம் வேண்டும். அடுத்த வருடம் கடைசி ஆண்டுக்கு வந்துவிடுவீர்கள், திரும்பி வரக் காரணம் இன்னும் வலுவாக இருக்கும். மறுக்கப்பட்டவர் திரும்பவும் விண்ணப்பிக்கத் தடை ஒன்றும் இல்லை. அன்று அம்மாவோடு எடுத்துக் கதைத்தேன், 'பிள்ளை சாப்பிடவில்லை' என்றா. சாப்பிடுங்கள்.

19 மே

நேற்று முள்ளிவாய்க்காலுக்குப் போய்விட்டு வந்தேன். 15 வருடம். கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு வந்த களைப்பில் எழுதுகிறேன்.

'அமெரிக்கர் ஏன் பிள்ளைகளைக் காட்டுக்குள் அனுப்புகிறார்கள்' என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். 1861 இல் கனெக்டிகட்டில் பிரெடெரிக் வில்லியம் கன் என்ற பள்ளிக்கூட அதிபர் தன் மாணவர்களை நடத்திக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கூடாரத்தில் தங்கவைத்தார். அதைத்தான் முதல் முகாம் என்பார்கள். அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கிய வருடம் அது, பையன்களுக்குப் படைவீரர்போல வெளியில் படுத்துப் பார்க்க ஆசை. எங்கள் முகாமிலும் ஓர் இரவு காட்டுக்குள் கூடாரம் அடித்துப் படுக்க வைப்போம். பிள்ளைகளுக்கு அதுதான் கோடையிலேயே பெரிய நாள். எனக்கு அன்று நித்திரை வரவில்லை. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தபோது எனக்குப் பதினொரு வயது.

ஆனால் அந்த மெனிக் பாமில்தான், இராமநாதன் முகாமில், ஒரு அக்கா பின்னேரங்களில் எங்களைக் கூப்பிட்டு வட்டமாக இருத்திப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பா. அவவுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, அவவின் வீட்டிலும் ஆள் குறைந்திருந்தது. பயந்த பிள்ளையோடு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரிந்தது மெய்னில் பயிற்சி எடுத்து அல்ல. தங்கச்சி, உங்களுக்கும் அது தெரியும். விசா அதிகாரிக்கு அது தெரியாமல் போனது அவருடைய குறை.

7 ஜூலை

ஒன்றரை மாதமாக இந்த இழையில் ஒன்றும் எழுதவில்லை, ஏரிக்கரையில் பார்த்ததுபோல ஒரு தகட்டுப் பலகை செய்துகொண்டிருந்தோம். தங்கச்சியும் நானும், பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிற ஒரு ஆசிரியரும், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற, உயிர்காப்பில் பயிற்சி உள்ள ஒருவரும். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளுக்கு நீச்சல். ஒட்டுசுட்டான் பக்கம் ஊரார் தினமும் குளிக்கும் துறை ஒன்று, சிறுபோகத்துக்குத் தண்ணீர் போன பிறகு அங்கே சின்னவர்களுக்கு நெஞ்சளவுதான் நிற்கும். முதலை பார்த்ததாக அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை, ஆனாலும் விடிய ஒருதரம் கரையைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் இறங்குவோம். நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் விதானையாருக்கும் கடிதம் கொடுத்தாயிற்று.

பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒரு பிள்ளையும் தண்ணீரில் கால் வைக்காது. பின்னேரம் கிளித்தட்டு, அது தங்கச்சியின் பொறுப்பு.

வேண்டியவை: தடித்த நைலோன் கயிறு, காற்றடித்த லொறி ரியூப், விசில், முதலுதவிப் பெட்டி. காசாக அனுப்ப வேண்டாம், பொருளாகக் கொண்டுவந்து தாருங்கள். நீந்தத் தெரிந்த பெண்கள் இரண்டு பேராவது வேண்டும், பெட்டைகளை விட அம்மாமார் அப்போதுதான் சம்மதிப்பார்கள். நீந்தத் தெரியாதவர்களும் வரலாம், பலகையடியில் நின்று தகடு எண்ண ஆள் தேவை, முழு நேரமும் அதை மட்டும் பார்க்கிற ஆள். வரக்கூடியவர்கள் எந்தக் கிழமை வரலாம் என்பதைக் கீழே எழுதுங்கள், மாங்குளம் சந்தியிலிருந்து காலையில் ஒரு வான் ஒழுங்கு செய்கிறோம்.